மிளகு விலையும் திறந்த மூல மென்பொருளும்

கமக்காரர் எதிர்நோக்கும் இடர்கள் இரு வகைப்படும். ஒன்று பயிரைத் தாக்கும் இடர். வரட்சி, அடைமழை, நோய், காட்டுப்பன்றி, மண்சரிவு என்பன அதில் அடங்கும். மற்றது விலையைத் தாக்கும் இடர். பயிர் நன்றாக விளைந்து, உலர்ந்து, சாக்கில் கட்டப்பட்ட பின்னரும் இந்த இரண்டாவது இடர் நீங்குவதில்லை. முதலாவதைப் பற்றி நாம் கூட்டங்களில் பேசுகிறோம், விண்ணப்பங்கள் எழுதுகிறோம். இரண்டாவதை மட்டும் தலைவிதி என்று விட்டுவிடுகிறோம்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு விலையின் இடர் மற்றவர்களைவிடக் கூடுதலாகும். 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கம் பழைய தெல்தெனிய நகரையும் அதனைச் சூழ்ந்த நிலங்களையும் மூழ்கடித்தபோது இடம் மாறிய குடும்பங்களாயினும், போரினால் வந்தவர்களாயினும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மண்சரிவுகளில் வீடிழந்தவர்களாயினும் நிலைமை ஒன்றுதான். புதிய இடத்தில் உலர்த்துவதற்கு முற்றமில்லை. சாக்குகளை வைப்பதற்கு அறையில்லை. பழக்கமான வியாபாரி இல்லை. வீடு மண்ணில் புதையும்போது காணி உறுதியும், அனுமதிப் பத்திரமும், கடன் அட்டையும் சேர்ந்தே புதைந்துவிடுகின்றன. எனவே வங்கிக்குக் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. முற்பணம் தருகின்ற ஒரு முதலாளியிடமே கைநீட்ட வேண்டும். அறுவடையன்றே அவர் சொல்லும் விலைக்கு அவரிடமே கொடுக்கவும் வேண்டும்.

இந்த நிலையை மாற்றுவதற்குக் கணனியும், அதிலும் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாத 'திறந்த மூல மென்பொருளும்' எவ்வளவு தூரம் உதவலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கணனி விலையை உயர்த்தாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆனால் விலை பற்றிய அறிவும் கணக்கும் யாருடைய கையில் இருக்கின்றன என்பதை அது மாற்றக்கூடும். பேரம் பேசும்போது அதுவே பெரிய வேறுபாடாகும்.

விலை ஏன் தளம்புகிறது?

குண்டசாலையில் வேலியோரம் நிற்கும் மிளகுக் கொடியின் விலையைக் குண்டசாலை தீர்மானிப்பதில்லை. உலகில் மிக அதிகமாக மிளகு விளைவிக்கும் நாடு வியட்நாம். அங்கு விளைச்சல் கூடினால் இங்கு விலை இறங்குகிறது. எமது மிளகை அதிகமாக வாங்கும் நாடு இந்தியா. 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின்படி ஆண்டுக்கு 2,500 தொன் இலங்கை மிளகு தீர்வையின்றி அங்கு செல்லலாம் என வகுக்கப்பட்டது. ஆயின் 2017 டிசம்பரில் இந்திய அரசு, இறக்குமதியாகும் மிளகுக்குக் கிலோவுக்கு 500 இந்திய ரூபா என ஆகக் குறைந்த விலையை விதித்தது. அந்த விலைக்குக் குறைந்த மிளகு அந்நாட்டுக்குள் செல்ல முடியாது போயிற்று. புதுடில்லியில் எழுதப்பட்ட ஒரு கட்டளை எமது ஊர்ச் சந்தையில் சாக்கின் விலையை மாற்றக்கூடியது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

நாணயத்தின் பெறுமதி இன்னொரு காரணம். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் அது 360 ரூபா அளவுக்குச் சென்றது. ஏற்றுமதியாளருக்கு ஒரு கிலோ மிளகால் கிடைத்த ரூபா பெருமளவு கூடியது. அந்த உயர்வில் எவ்வளவு பங்கு கமக்காரரின் கைக்கு வந்தது என்பது, அன்றைய விலையை அவர் அறிந்திருந்தாரா என்பதைப் பொறுத்தே அமைந்தது.

விலையை அறியாமையும் ஒரு செலவே. கொழும்பிலுள்ள லேர்ன் ஏசியா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் சிறு கமக்காரரின் செலவுகளை ஆராய்ந்து 2008இல் முடிவுகளை வெளியிட்டனர். தகவல் தேடி அலைவதற்கு ஆகும் செலவு மட்டும் மொத்தச் செலவில் ஏறத்தாழ நூற்றுக்கு 11 பங்கு என அவர்கள் கண்டனர். கேரளத்தின் வடகரை மீனவர்களிடையே 1997 முதல் 2001 வரை கைத்தொலைபேசி பரவியதை ஆராய்ந்த ரொபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர், விலை விசாரித்துக் கரைசேரும் வசதி வந்தபின் மீனவரின் இலாபம் சராசரியாக நூற்றுக்கு 8 பங்கு கூடியதென்றும், அதே வேளை மீன் வாங்குவோர் கொடுத்த விலை நூற்றுக்கு 4 பங்கு குறைந்ததென்றும் 2007இல் எழுதினார். அதாவது விலை பற்றிய அறிவு பரவும்போது விற்பவரும் வாங்குபவரும் ஒருங்கே பயன் பெறலாம்.

பெரியவர்கள் இடரை எவ்வாறு கையாள்கின்றனர்?

பெரிய வியாபாரிகளும் விலைத் தளம்பலுக்கு அஞ்சுகின்றனர். ஆனால் அதற்கு அவர்கள் வழிகள் வைத்திருக்கின்றனர்.

முதலாவது வழி முன்விற்பனை ஒப்பந்தம். இன்ன மாதத்தில், இன்ன தரத்தில், இத்தனை கிலோவை, இன்ன விலைக்குத் தருவேன் என்று அறுவடைக்கு முன்பே இருவர் எழுதிக்கொள்வது இது. விலை விழுந்தால் விற்பவர் தப்புவார். விலை ஏறினால் வாங்கியவர் தப்புவார். இலங்கை மத்திய வங்கியும் 1999இல் கமக்காரருக்காக இத்தகைய ஒப்பந்த முறையொன்றை அறிமுகஞ் செய்தது.

இரண்டாவது வழி எதிர்காலப் பேரச் சந்தை. இங்கு ஒப்பந்தங்களின் தரமும் அளவும் ஒரே மாதிரியாக வகுக்கப்பட்டு, யாரும் யாருடனும் வாங்கி விற்கக்கூடியதாக இருக்கும். 1848இல் தொடங்கப்பட்ட சிக்காகோ தானியச் சந்தை 1865இல் இத்தகைய ஒப்பந்தங்களை வகுத்தது. கேரளத்தின் கொச்சியில் மிளகுக்கான எதிர்காலப் பேரம் 1957இல் தொடங்கியது.

மூன்றாவது வழி காப்புறுதி. எமது நாட்டில் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை உண்டு. இதன் இன்றைய அமைப்பு 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. பயிர் அழிந்தால் நட்டஈடு என்பதே பயிர்க் காப்புறுதியின் அடிப்படை. நன்றாக விளைந்த பயிரின் விலை விழுந்தால் அது கைகொடுக்காது. ஆகவே விலைக்கு வேறு வழி தேட வேண்டியுள்ளது.

எதிர்காலப் பேரச் சந்தையில் மிளகு தொன் கணக்கில் விற்கப்படும். அறுபது கிலோ மிளகுள்ள குடும்பம் அங்கு நுழைய முடியாது. ஆனால் அந்தச் சந்தைகளின் அடிப்படையான பழக்கங்களை, அதாவது தரத்தை அளத்தல், விலையை நாள்தோறும் பதிதல், எப்போது விற்றால் எவ்வளவு இழக்கலாம் என்று முன்கூட்டியே கணக்கிடுதல், சிறு தொகைகளைச் சேர்த்துப் பெருந்தொகையாக்குதல் என்பவற்றை, ஒரு கிராமச் சங்கமும் கைக்கொள்ளலாம். இங்கேதான் மென்பொருள் வருகிறது.

திறந்த மூல மென்பொருள் என்றால் என்ன?

கணனிக்கு வேலை சொல்லும் கட்டளைகளின் தொகுப்பே மென்பொருள். மனிதர் எழுதும் அந்தக் கட்டளைகளுக்கு மூல நிரல் என்று பெயர். பெரும்பாலான கம்பனிகள் மூல நிரலைப் பூட்டி வைத்து, பாவிக்கும் உரிமையை மட்டும் விற்கின்றன. திறந்த மூல மென்பொருளில் அந்த நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். யாரும் படிக்கலாம், பிரதி எடுக்கலாம், தம் தேவைக்கேற்ப மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

இதனை விதையோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். சில கலப்பின விதைகளைப் போகந்தோறும் கடையில் வாங்க வேண்டும். அதன் விளைச்சலிலிருந்து எடுத்த விதை அடுத்த போகத்தில் அதே பலனைத் தராது. எமது பாட்டன்மார் வைத்திருந்த நெல் விதையை எடுத்துவைக்கலாம், மீண்டும் விதைக்கலாம், அயலவருக்கு ஒரு கொத்துக் கொடுக்கலாம். திறந்த மூல மென்பொருள் இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்பவர் 1983இல் இத்தகைய முயற்சியை அறிவித்தார். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய 'லினக்ஸ்' இன்று உலகின் பெரும் கணனிகள் பலவற்றை இயக்குகிறது. எமது கைத்தொலைபேசிகளிலுள்ள 'அன்ட்ரொயிட்' கூட லினக்ஸின் மேலேயே கட்டப்பட்டது. ஆகவே திறந்த மூல மென்பொருளை இதுவரை தொட்டதில்லை என்று எண்ணுகின்ற பலர் அதனைச் சட்டைப் பையில் கொண்டு திரிகின்றனர்.

எமது நாட்டுப் பங்கு

இலவசம் என்றால் தரக்குறைவானது என்ற எண்ணம் எம்மிடையே உண்டு. பணச் சந்தைகளின் அனுபவம் இதற்கு மாறானது. கொழும்புக்கு அருகே மாலபேயில் இயங்கிய மிலேனியம் ஐ.ரி. என்ற கம்பனி பங்குச் சந்தைகளுக்கான மென்பொருளை எழுதி வந்தது. லண்டன் பங்குச் சந்தை 2009இல் அந்தக் கம்பனியையே விலைக்கு வாங்கியது. 2011 பெப்ரவரி முதல் லண்டன் சந்தையின் வாங்கல் விற்றல்கள் மாலபேயில் எழுதப்பட்ட அந்த மென்பொருளில் நடைபெறலாயின. அந்த மென்பொருள் திறந்த மூலமல்ல. ஆனால் அது இயங்குவது லினக்ஸின் மேல். கோடிக்கணக்கான பணம் கைமாறும் இடத்தில் நம்பத்தகுந்ததென ஏற்கப்பட்ட அடித்தளம், காசின்றி எமக்கும் கிடைக்கிறது. ஒப்பந்தங்களின் பெறுமதியையும் இடரையும் கணக்கிடுவதற்கும் 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'குவாண்ட்லிப்' போன்ற திறந்த மூலத் தொகுப்புகள் உள்ளன. அவை நிதித்துறை வல்லுனருக்கானவை. சங்கத்துக்கு அவ்வளவு தேவையில்லை.

எமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் 'சஹான'. சிங்களத்தில் இதன் பொருள் நிவாரணம். 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, காணாமற்போனோர், முகாம்களில் இருப்போர், வந்த உதவிகள், தேவைப்படும் பொருட்கள் என்பவற்றை ஒழுங்காகப் பதிவதற்கு நாட்டில் ஒரு முறை இருக்கவில்லை. கொழும்பிலிருந்த கணனித் தொண்டர்கள் லங்கா மென்பொருள் மன்றத்தின் மூலம் சில நாட்களிலேயே இந்த மென்பொருளை எழுதத் தொடங்கினர். அவர்கள் அதனைத் திறந்த மூலமாக வெளியிட்டனர். ஆகவே 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸின் தென் லெய்ற்றே மண்சரிவின்போதும், 2010இல் ஹெயிற்றி நிலநடுக்கத்தின்போதும் அதனை எடுத்து அந்தந்த இடத்தின் தேவைக்கேற்ப மாற்றிப் பாவிக்க முடிந்தது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் மன்றம் சஹானவுக்கு வழங்கியது. இடம்பெயர்ந்தோரின் தேவைக்காக இந்த மண்ணில் பிறந்த ஒரு கருவி கடல் கடந்து உதவியது என்பது எமக்கு ஊக்கமளிக்க வேண்டிய செய்தி.

சங்கம் செய்யக்கூடிய நான்கு வேலைகள்

ஒரு பழைய கணனி, அதில் 'லிப்ரே ஒபிஸ்' என்ற திறந்த மூலத் தொகுப்பு, ஓரிரு கைத்தொலைபேசிகள் ஆகியன பின்வரும் வேலைகளுக்குப் போதும். லிப்ரே ஒபிஸை 2010 முதல் தன்னார்வலர்கள் வளர்த்து வருகின்றனர். அதில் தமிழிலேயே எழுதலாம். அதன் கணக்குத் தாளில் ஒருமுறை சூத்திரத்தை எழுதி வைத்தால், பிறகு இலக்கங்களை மட்டும் மாற்றினால் விடை தானாக வரும்.

1. ஈரப்பதன் கணக்கு. மிளகு ஈரமாயிருக்கிறது என்று சொல்லி வியாபாரி நிறையில் கழிப்பது வழமை. எவ்வளவு கழிப்பது நியாயம்? 100 கிலோ மிளகில் ஈரப்பதன் நூற்றுக்கு 16 என்றால் அதில் உலர்பொருள் 84 கிலோ. கேட்கப்படும் ஈரப்பதன் 12 என்றால் உலர்பொருள் 88 பங்காக இருக்க வேண்டும். 84ஐ 88ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 95.5 கிலோ வருகிறது. ஆகவே நியாயமான கழிவு நாலரைக் கிலோ. பத்துக் கிலோ கழிக்கப்பட்டால் ஐந்தரைக் கிலோ எமது பையிலிருந்து போகிறது. கிலோ 1,500 ரூபா என்று வைத்துக்கொண்டால் அது 8,250 ரூபா. இந்தக் கணக்கை வியாபாரியின் முன்னிலையிலேயே போட்டுக் காட்டலாம். அதேபோல ஒரு லீற்றர் பாத்திரத்தில் மிளகை நிரப்பி நிறுத்து எழுதி வையுங்கள். ஏற்றுமதியாளர் லீற்றருக்கு 500 கிராம், 550 கிராம் என்று கேட்பது இதனையே. நிறை கூடிய மணிக்கு விலையும் கூடும்.

2. விலைப் பதிவேடு. ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகம் உணவுப் பொருட்களின் சந்தை விலைகளைத் திரட்டி வெளியிடுகிறது. மிளகு, கராம்பு, சாதிக்காய் போன்றவற்றின் விலைகளைப் பேராதனையில் தலைமையகத்தைக் கொண்ட ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் வெளியிடுகிறது. இவற்றை வாரந்தோறும் தாளில் ஏற்றுங்கள். அருகிலேயே இன்னொரு நிரலில் எமது உறுப்பினர் உண்மையில் பெற்ற விலையை எழுதுங்கள். இரண்டுக்கும் இடையிலான இடைவெளியே முக்கியம். ஆறு மாதங்களில் எந்தக் கடை நியாயமாக நடக்கிறது, எந்த மாதத்தில் இடைவெளி விரிகிறது என்பன தெளிவாகும்.

3. விற்கும் நேரத்தைக் கணக்கிடல். ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒரு குடும்பத்திடம் 60 கிலோ உலர்ந்த மிளகு உண்டு. இன்றைய விலை 1,500 ரூபா. முதலாளியிடம் 30,000 ரூபா முற்பணம் வாங்கியிருக்கிறது. அதற்கு மாதம் 1,200 ரூபா வட்டி. மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, இன்றே முழுவதையும் விற்பது. வருமானம் 90,000 ரூபா. இதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

இரண்டாம் வழி, முழுவதையும் நான்கு மாதம் வைத்திருப்பது. விலை 1,800 ஆகினால் 108,000 ரூபா வரும். அதில் வட்டி 4,800 போக மிஞ்சுவது 103,200. விலை 1,200க்கு விழுந்தால் 72,000 ரூபா. வட்டி போக 67,200 மட்டுமே.

மூன்றாம் வழி, மூன்றாகப் பிரிப்பது. இன்று 20 கிலோவை விற்று முற்பணத்தை அடைத்துவிட்டால் வட்டி நின்றுவிடும். இரண்டு மாதத்தின் பின் 20 கிலோ, நான்கு மாதத்தின் பின் 20 கிலோ என மீதியை விற்கலாம். விலை 1,700, பிறகு 1,800 என்று ஏறினால் மொத்தம் 100,000 ரூபா. விலை 1,300, பிறகு 1,200 என்று இறங்கினால் மொத்தம் 80,000 ரூபா.

மூன்றாம் வழி எப்போதும் அதிக பணம் தராது. விலை இறங்குமானால் இன்றே விற்றவர் கூடுதலாகப் பெறுவார். ஆனால் அதிர்ஷ்டம் கெட்டாலும் குடும்பம் 67,200க்கு விழாமல் 80,000இல் நிற்கும். அதிர்ஷ்டம் நன்றாயிருந்தால் ஏற்றத்தில் பெரும்பங்கு கிடைக்கும். பெரிய வியாபாரிகள் இடர் முகாமைத்துவம் என்று சொல்வதன் சாரம் இதுவே. நாளைய விலையைச் சொல்ல எவராலும் முடியாது. எந்த விலை வந்தாலும் குடும்பம் நிலைகுலையாதபடி பார்த்துக்கொள்வது முடியும். இந்த உதாரணத்தில் முதற் காரியம் கடனை அடைத்ததே என்பதையும் கவனியுங்கள். பத்திரமாக வைப்பதற்கு உலர்ந்த இடமில்லாதவர் வைத்திருந்து விற்க நினைக்கக் கூடாது. பூஞ்சணம் பிடித்த மிளகுக்கு எந்த மாதத்திலும் விலையில்லை.

4. கூட்டு விற்பனை. 25 குடும்பங்கள், வீட்டுக்கு 60 கிலோ என்றால் 1,500 கிலோ, அதாவது ஒன்றரைத் தொன். தனித்தனியே கடைப்படியேறும் மிளகு ஒன்று சேர்ந்தால் மொத்த வியாபாரி லொறி அனுப்பக்கூடிய தொகையாகிவிடும். முன்விற்பனை ஒப்பந்தம் பேசவும் இடமுண்டு. ஆனால் கூட்டு விற்பனை சந்தேகத்தால் முறிவதே வழமை. யார் எத்தனை கிலோ தந்தார், என்ன தரம், யாருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்பவற்றைச் சாக்கு வரும்போதே பதிய வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கிய 'ஓ.டி.கே.', அதன் வழிவந்த 'கோபோ டூல்பொக்ஸ்' ஆகிய திறந்த மூலக் கருவிகள் இதற்கு உதவும். படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அமைக்கலாம். இணைய வசதி இல்லாத மேட்டிலும் கைத்தொலைபேசியில் நிரப்பி, பின்னர் அனுப்பலாம். சாக்கு நிறுக்கும்போதே உறுப்பினருக்குக் கையெழுத்திட்ட துண்டும் கொடுக்க வேண்டும். சேமிப்பும் கடனும் பெருகிய பெரிய சங்கங்களுக்கு 'அப்பாச்சி ஃபினெரக்ட்' என்ற திறந்த மூலக் கணக்கு முறை உண்டு. சிறு சங்கத்துக்குக் கணக்குத் தாளே போதும்.

கணனி செய்யாதவை

மென்பொருளில் எழுதியதெல்லாம் உண்மையாகிவிடாது. இதற்குக் கொச்சியில் நடந்ததே சான்று. 2012 டிசம்பரில், கணனி வழியாக இயங்கிய இந்தியப் பண்டச் சந்தையொன்றின் களஞ்சியங்களிலிருந்த மிளகில் கனிய எண்ணெய் கலந்திருப்பதாக முறைப்பாடு எழுந்தது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் 6,000 தொன்னுக்கு மேற்பட்ட மிளகை முத்திரையிட்டு வைத்தனர். திரையில் விலை சரியாக ஓடிக்கொண்டிருந்தது. பிரச்சினை சாக்கினுள்ளே இருந்தது. ஆகவே நல்ல தராசும், சுத்தமான படங்கும், நேர்மையான கையும் இல்லாத சங்கத்துக்கு எந்த மென்பொருளும் உதவாது.

மேலும் சில எச்சரிக்கைகள் அவசியம்.

இலவசம் என்றால் செலவில்லை என்று பொருளல்ல. மின்சாரம், திருத்தவேலை, கற்றுக்கொள்ளும் நேரம் எல்லாம் செலவே. ஒரேயொரு இளைஞருக்கு மட்டும் கணனி தெரிந்திருந்தால், அவர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகும் நாளில் சங்கத்தின் கணக்கும் நின்றுவிடும். ஆகக் குறைந்தது மூவர் பழக வேண்டும்; அவர்களில் பெண்களும் இருக்க வேண்டும். மிளகை ஆய்ந்து உலர்த்துவதில் பெரும்பங்கு அவர்களுடையது என்பதால் கணக்கும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திறந்திருக்க வேண்டியது மென்பொருளே தவிர, உறுப்பினரின் விபரமல்ல. யாருக்கு எவ்வளவு கடன், யாரிடம் எத்தனை கிலோ இருக்கிறது, யார் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பன வெளியே போனால் பேரம் பேசும் பலம் போய்விடும். சில காலங்களில் உயிருக்கும் ஆபத்தாகும். இடம்பெயர்ந்தோரின் பெயர்ப்பட்டியல் எத்தகையது என்பதை எம்மவர் அனுபவத்தில் அறிவர். ஆகவே கணனிக்குக் கடவுச்சொல் வேண்டும். பட்டியலை யார் பார்க்கலாம் என்பதைச் சங்கக் கூட்டத்தில் தீர்மானித்து எழுத வேண்டும்.

உரிமமின்றிப் பிரதி செய்த மென்பொருளைத் தவிர்ப்பது நல்லது. அதனுடன் வைரசும் வந்து முழுக் கணக்கையும் அழித்துவிடலாம். நேர்வழியில் இலவசமாகக் கிடைப்பது இருக்கும்போது அந்த ஆபத்து எதற்கு?

எவ்வாறு தொடங்குவது?

முதல் மூன்று மாதம் கணனியே வேண்டாம். ஒரு சீ.ஆர். கொப்பியில் ஐந்து நிரல்கள் போதும்: திகதி, கிலோ, ஈரப்பதன், திணைக்களம் அறிவித்த விலை, கைக்கு வந்த விலை. கொப்பியில் ஒழுங்காக எழுதப் பழகாத சங்கம் கணனியிலும் எழுதாது.

அடுத்து, ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் விரிவாக்க உத்தியோகத்தரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகி, ஈரப்பதன் அளக்கும் கருவியை எங்கு பாவிக்கலாம் எனக் கேளுங்கள். பயிர் பற்றிய கேள்விகளுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு.

மூன்றாவதாக, கொப்பியிலுள்ளதைக் கணக்குத் தாளில் ஏற்றுங்கள். பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் இதனைச் சில மாலைகளில் கற்றுத் தருவர். எந்த நிறுவனமாவது இலவசமாக மென்பொருள் தருகிறோம் என்று வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எமது கணக்கை நாம் விரும்பியபோது முழுமையாகப் பிரதி எடுத்துக்கொள்ளலாமா? உங்கள் திட்டம் முடிந்த பின்னும் இது இயங்குமா? வேறொருவர் இதனைத் திருத்தலாமா? மூன்றுக்கும் 'ஆம்' என்ற விடை வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். திறந்த மூல மென்பொருளின் முழுப் பயனும் இந்த மூன்று விடைகளில் அடங்கியுள்ளது.

இறுதியாக, கணக்கின் பிரதியை மாதந்தோறும் எடுத்து, ஒன்றைச் சங்கத்திலும் இன்னொன்றை வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான இடத்திலும் வையுங்கள். மலைச்சரிவில் வாழும் எமக்கு இது மிக முக்கியம். ஒரு குடும்பம் மூன்று ஆண்டுகளாக எவ்வளவு விளைவித்தது, என்ன தரத்தில் விற்றது, கடனை எப்போது அடைத்தது என்பதற்குச் சங்கத்தின் முத்திரையுடன் ஒரு பதிவு இருந்தால், அது காணி உறுதிக்கு ஈடாகாவிட்டாலும், வங்கி முகாமையாளரின் மேசையில் வைப்பதற்கு ஒரு சான்றாகும். நாளை மீண்டும் இடம் மாற நேர்ந்தாலும் அந்தச் சான்று கூடவே வரும்.

நிலத்தை இழந்தவர்கள் கணக்கையும் பிறர் கையில் விட்டுவிடலாகாது. அடுத்த அறுவடைக்கு முன் உங்கள் சங்கக் கூட்டத்தில் இதனைப் பேசுங்கள். முதற் சாக்கு தராசில் ஏறும்போது கொப்பி திறந்திருக்கட்டும்.